முதலில் தண்ணீர், அப்புறம் பெயிண்ட்: ஏர்பிரஷ் கேள்வி - பதில்

கொலு முடிந்து பொம்மைகளைப் பெட்டியில் கட்டிவைத்த கையோடு நீங்கள் எழுதிய கடிதங்கள் மேசையில் கிடக்கின்றன. பாதிப் பேர் பொம்மைக்கு வண்ணம் அடிக்கப்போய் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். மீதிப் பேர் பைக் டேங்க், ஹெல்மெட் ஆட்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பிறந்தது கடலூர் வண்டிப்பாளையத்தில், பொம்மை செய்கிற வீட்டில். வாழ்க்கைப்பட்டது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். கொழுந்தனார் தன் மெக்கானிக் ஷெட்டுக்கு ஆசையாக வாங்கி, கை வராமல் பரணில் போட்டுவைத்த ஏர்பிரஷ்ஷை, அதாவது காற்றால் பெயிண்டைப் பனி மாதிரி ஊதி அடிக்கிற சின்னக் கருவியை, இறக்கித்தான் நான் பழகினேன். சொல்லித்தர ஆள் இல்லை. அதனால் நீங்கள் எழுதியிருக்கும் தப்புகளில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் நானும் செய்தவைதான்.

கப்பில் பெயிண்ட் ஊற்றி ட்ரிக்கரை அமுக்கினால் முனையில் வருவதைவிடக் கப்பில்தான் அதிகம் கொப்புளிக்கிறது. வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. கடைக்காரர் "கை பழகணும்" என்கிறார்.
- கல்லூரி மாணவர், பாகூர்

தம்பி, கை பழகாவிட்டால் கோடு கோணும். கப் கொதிக்காது. அது கருவியின் கோளாறு.

உங்களிடம் இருப்பது டபுள் ஆக்‌ஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். ட்ரிக்கரைக் கீழே அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். இந்த இரண்டும் கருவிக்குள் தனித்தனி வழியில் வந்து, முனையில் இருக்கும் சின்னக் குழாயான நாசிலின் வாயில்தான் சந்திக்க வேண்டும். நாசிலுக்குள்ளே பெயிண்ட், நாசிலைச் சுற்றி வெளியே காற்று. எங்கோ ஒரு சந்து கிடைத்துக் காற்று பெயிண்ட் வழிக்குள் புகுந்தால், அது பின்பக்கமாக ஏறிக் கப்பில் குமிழியாக வரும்.

பெயிண்டைக் கொட்டிவிட்டுக் கழுவி, அரைக் கப் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். ட்ரிக்கரை அமுக்க மட்டும் செய்யுங்கள், இழுக்காதீர்கள். குமிழி வருகிறதா? அப்படியென்றால் பார்க்க வேண்டிய இடம் மூன்று. நாசிலின் மேல் மாட்டுகிற மூடி லூசாக இருக்கலாம், அல்லது அதன் ஓட்டையில் காய்ந்த பெயிண்ட் அடைத்திருக்கலாம். வெளியே போக வழி இல்லாத காற்று பின்னால்தானே திரும்பும்? அடுத்தது, நாசில் தன் இடத்தில் சரியாக உட்காராமல் இருக்கலாம். திருகும் நாசில் என்றால் மரையில் துளி தேன்மெழுகு தடவிப் போட்டால் பல நேரம் நின்றுவிடும். மூன்றாவதுதான் வருத்தமான செய்தி: நாசில் கீறல் விட்டிருக்கலாம். பூதக்கண்ணாடி வைத்து அதன் வாயைப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால் ஒட்டவைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

நான் முதல் நாசிலை உடைத்தது ஐந்தாவது நாளில். கசியக்கூடாதே என்று, குழாய் வாஷரை இறுக்குகிற மாதிரி முழு பலத்தோடு ஒரு திருகு. 0.3 மி.மீ. வாய் உள்ள நாசில் ஒரு நெல்லைவிடச் சின்னது. டிக் என்று ஒரு சத்தம். தலைப்பாகம் என் விரலில் இருந்தது, மரைப்பாகம் கருவிக்குள் மாட்டிக்கொண்டது. கொழுந்தனார் அதை எடுக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. அன்றிலிருந்து பெட்டியில் வரும் சின்னச் சாவியை இரண்டு விரலால் மட்டும்தான் பிடிக்கிறேன். முட்டியதும் ஒரு நூல் அளவு கூட, அவ்வளவுதான். பெயிண்ட் வழியைத் திறந்து மூடுகிற ஊசியைத் திருப்பி மாட்டும்போதும் அப்படியே. தள்ளிக்கொண்டே போனால் அது ஆப்பு மாதிரி நாசில் வாயைப் பிளந்துவிடும்.

இந்தத் தண்ணீர்ச் சோதனையை எல்லாரும் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கோளாறானாலும் என் முதல் வேலை இதுதான். வெறும் தண்ணீர் பனிப்புகை மாதிரி சீராக வந்தால் கருவி நிரபராதி, தப்பு நீங்கள் கரைத்த பெயிண்டில். தண்ணீரே துப்பித் துப்பி வந்தால் பெயிண்டை எத்தனை முறை மாற்றிக் கரைத்தாலும் பிரயோஜனம் இல்லை. பலர் ஒரே நேரத்தில் பெயிண்டையும் மாற்றி, காற்றையும் கூட்டி, ஊசியையும் கழற்றிப் போடுகிறார்கள். கடைசியில் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த வாரம் திரும்ப அதே கதை.

பழைய லட்சுமி பொம்மைக்கு முகம் புதிதாக அடித்தேன். முதல் இரண்டு நிமிஷம் அழகாக வந்தது. திடீரென்று கன்னத்தில் ஒரு பெரிய சிவப்புச் சொட்டு. துடைத்தால் அடியில் இருந்த நிறமும் சேர்ந்து வந்துவிட்டது. அழுகையே வந்தது. அக்ரிலிக்தான் அடித்தேன்.
- இல்லத்தரசி, திருப்பாதிரிப்புலியூர்

அம்மா, அடுத்த முறை அடிக்கும்போது இரண்டு நிமிஷம் கழித்து நிறுத்தி, ஊசி முனையை வெளிச்சத்தில் பாருங்கள். கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு பொருக்கு ஒட்டியிருக்கும். அக்ரிலிக் சீக்கிரம் காய்கிற சாதி. முனையில் காற்று வேறு அடித்துக்கொண்டே இருப்பதால் அங்கேதான் முதலில் காயும். அந்தப் பொருக்கின் மேல் பெயிண்ட் தேங்கும். தேங்கியது போதும் என்றானதும் மொத்தமாகத் தெறிக்கும். பெரும்பாலும் கன்னத்தில்தான் தெறிக்கும், முதுகில் தெறிக்காது. அது என்ன கணக்கோ!

ஈரமான மெல்லிய பிரஷ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை முனையைத் தொட்டுத் துடையுங்கள். விரலால் வேண்டாம், ஊசி வளையும், விரலும் குத்துப்படும். மெடிக்கல் கடையில் கிடைக்கும் கிளிசரின் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு சொட்டு, கப்பில் கலந்தால் பெயிண்ட் காய்வது தாமதமாகும். அதற்கு மேல் விட்டால் பொம்மை நாள்கணக்கில் பிசுபிசுக்கும். சீலிங் ஃபேனையும் நிறுத்துங்கள். வியர்த்தால் வியர்க்கட்டும்.

இன்னொன்று, ட்ரிக்கர் பழக்கம். காற்றைத் திறந்துவிட்டு நிறத்தை இழுக்க வேண்டும். நிறத்தை மூடிய பிறகுதான் காற்றை நிறுத்த வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் இரண்டையும் ஒன்றாக விட்டுவிடுவார்கள். அப்போது முனையில் நின்றுபோன துளி அடுத்த அமுக்கலில் சொட்டாகப் பறக்கும். அதனால் நான் எந்தப் பொம்மையிலும் நேராக ஆரம்பிப்பதில்லை. பக்கத்தில் ஒரு அட்டை வைத்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அட்டையில் ஒரு ஊது, அது சுத்தமாக விழுந்தால்தான் முகத்துக்குப் போவேன்.

சரி, கன்னத்துக்கு வருவோம். தோல் நிறம் அடித்து ஒரு இரவு காயவிட்டு, அதன் மேல் மெல்லிசாக அக்ரிலிக் வார்னிஷ் ஒரு கோட் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்திருந்தால் உங்களுக்கு அடி நிறம் வந்திருக்காது. சிவப்பை அப்படியே அடிக்கக் கூடாது. சிவப்பில் கொஞ்சம் ஆரஞ்சு, ஊசி முனை அளவு பழுப்பு. பாலைவிட நீர்க்க, மோர்த் தெளிவு மாதிரி கரைத்துக்கொள்ளுங்கள். காற்றின் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ. (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்கிற அதே அளவு). தூரம் நாலு விரற்கடை. கன்னத்தின் மேட்டில் ஆரம்பித்துச் சின்ன வட்டமாகச் சுற்றிக் காதுப்பக்கம் கரைந்து போகிற மாதிரி விடுங்கள். முதல் மூன்று சுற்றில் ஒன்றுமே தெரியாது. தெரியக் கூடாது. ஐந்தாவது சுற்றில் "ஏதோ இருக்கிற மாதிரி இருக்கே" என்று தோன்றும். அப்போது மற்ற கன்னத்துக்கு மாறுங்கள். ஒரு கன்னத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் இரண்டும் சேராது. ஒரு பக்கம் வெட்கம், மறுபக்கம் அறை வாங்கின மாதிரி இருக்கும். இன்னும் ஒரே ஒரு சுற்று என்று கை துடிக்கும்போது நிறுத்திவிடுங்கள். காய்ந்தால் நிறம் ஒரு படி ஏறும்.

சொட்டு விழுந்துவிட்டால் துடைக்க வேண்டாம். டிஷ்யூ தாளின் மூலையால் ஒற்றி உறிஞ்சி எடுத்துவிட்டுக் காயவிடுங்கள். அப்புறம் தோல் நிறத்தால் மூடிக்கொள்ளலாம்.

கண்ணுக்கு மட்டும் ஏர்பிரஷ்ஷைக் கொண்டுபோகாதீர்கள். அது தூரிகை வேலை. அப்பா எல்லாப் பொம்மையையும் முடித்து வரிசையாக நிறுத்திவிட்டு, காலையில் காபிக்கு முன்னால்தான் கண் திறப்பார். காபி குடித்தால் கை ஆடுமாம். எனக்கு ஆடுவதில்லை. ஆனாலும் கண் திறக்கிற நாளில் நானும் குடிப்பதில்லை.

கோடு மெல்லிசாக வர வேண்டும் என்று கிட்டே கொண்டுபோனால் பெயிண்ட் எட்டுக்கால் பூச்சி மாதிரி காலை விரித்து ஓடுகிறது.
- வாசகர், நெல்லிக்குப்பம்

தாளில் விழுந்த பெயிண்ட் காய்வதற்குள் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகிறது, அதுதான் கால். காற்று அதிகம், பெயிண்ட் நீர்த்துவிட்டது, ட்ரிக்கரை அதிகம் இழுக்கிறீர்கள், கை ஒரு இடத்தில் நிற்கிறது. இந்த நாலில் ஒன்று. முதலில் காற்றைக் குறையுங்கள். தாளை ஒட்டி வேலை செய்ய 10 முதல் 15 பி.எஸ்.ஐ. போதும். அந்த அளவைப் பார்க்கும்போது ட்ரிக்கரை அமுக்கிக் காற்று போய்க்கொண்டிருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 20 காட்டுகிற முள் அமுக்கியதும் இறங்கும், அதுதான் உண்மையான அளவு. அதிலும் சரியாகாவிட்டால் கை. கை முதலில் நகர ஆரம்பிக்க வேண்டும், நகர்கிற கையிலிருந்துதான் நிறம் வர வேண்டும். பஸ் நின்றபிறகு இறங்கு என்பார்களே, இங்கே நேர்மாறு: ஓடுகிற பஸ்ஸில் ஏறி, ஓடும்போதே இறங்க வேண்டும்.

இதற்கு எதிர்க் கோளாறும் ஒன்று உண்டு. தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி நறநறவென்று இருக்கும். பெயிண்ட் வழியிலேயே காய்ந்து தூளாகப் போய் விழுகிறது என்று அர்த்தம். கிட்டே வாருங்கள், அல்லது காற்றைக் குறையுங்கள். சித்திரை வைகாசி மத்தியானத்தில் இது எனக்கே வரும். அந்த நாட்களில் நான் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து ஒன்பதுக்கெல்லாம் மூடிவிடுவேன்.

போஸ்டர் கலர் அடிக்கலாமா? துணிக்கு அடிக்கும் ஃபேப்ரிக் பெயிண்ட்?
- பள்ளி மாணவி, நெய்வேலி

போஸ்டர் கலரைப் பயிற்சிக்குத் தாராளமாக அடிக்கலாம். ஆனால் ஈரம் பட்டால் கரைந்துவிடும், பொம்மைக்கு உதவாது. ஃபேப்ரிக் பெயிண்ட் கெட்டி. கரைத்து, பழைய நைலான் சாக்ஸில் வடிகட்டி, 0.5 மி.மீ. நாசிலில் அடி கண்ணு. மினுமினுப்பு கலந்த நிறங்களை 0.2 நாசில் பக்கமே கொண்டுபோகாதே, அந்த மினுக்குத் துகள் போய் அடைத்துக்கொள்ளும். கரைத்தது சரியா என்று பார்க்க, கப்பின் உட்சுவரில் பிரஷ்ஷால் ஒரு தீற்று தீற்று. பால் டம்ளரில் பால் இறங்குகிற மாதிரி, மெல்லிய படலம் விட்டுக்கொண்டு இறங்க வேண்டும். தயிர் மாதிரி நின்றால் கெட்டி. தடமே இல்லாமல் ஓடினால் நீர்த்துவிட்டது.

மழை ஆரம்பித்ததிலிருந்து சோதனை. பைக் டேங்கில் கறுப்பு அடிக்கும்போது நடுநடுவே தண்ணீர்ச் சொட்டு விழுகிறது. இன்னொரு டேங்கில் லேக்கர் அடித்தால் வெள்ளையாகப் பூத்துப்போகிறது. கம்ப்ரசரை மாற்ற வேண்டுமா?
- இரண்டு சக்கர மெக்கானிக், கடலூர் முதுநகர்

கம்ப்ரசரை மாற்றினாலும் கடலை மாற்ற முடியாதே அண்ணே! துறைமுகத்துப் பக்கம் இருக்கிறீர்கள், ஐப்பசி கார்த்திகையில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. காரணம் மட்டும் ஒன்று.

முதலில் சொட்டு. கம்ப்ரசர் காற்றை அமுக்கும்போது காற்று சூடாகிறது. அந்தச் சூட்டில் ஈரம் ஆவியாகவே இருக்கும். அது தொட்டிக்குள்ளும் ஓஸுக்குள்ளும் போய்க் குளிர்ந்ததும் தண்ணீராகிவிடுகிறது. கம்ப்ரசரை ஒட்டியே ஈரம் பிடிக்கும் ஃபில்டர் இருந்தால், அங்கே காற்று இன்னும் சூடாகத்தான் இருக்கும். ஈரம் ஆவியாகவே அதைத் தாண்டிப் போய், அப்புறம் ஓஸில் தண்ணீராகும். அதனால் ஓஸைக் கொஞ்சம் நீளமாக விட்டு, ஏர்பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன ஃபில்டர் போடுங்கள். ஓஸ் தரையில் தொய்ந்து கிடந்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். மேலே தொங்கவிடுங்கள். தொட்டியின் அடியில் ஒரு திருகாணி இருக்கும், தினமும் வேலை முடிந்ததும் அதைத் திறந்துவிடுங்கள். மழைக்காலத்தில் எங்கள் 3 லிட்டர் தொட்டியிலிருந்தே டம்ளரின் அடியை மூடுகிற அளவுக்குத் துருத் தண்ணீர் வரும். ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டினீர்கள் என்றால் அரை மணி ஓய்வு கொடுங்கள். கம்ப்ரசர் சூடேற ஏறத்தான் தண்ணீரும் ஏறும்.

அடுத்தது வெள்ளை பூப்பது. லேக்கர் தின்னர் வேகமாக ஆவியாகிறது. போகும்போது டேங்கின் மேற்பரப்பைக் குளிரவைத்துவிட்டுப் போகிறது. ஈரக்காற்று அந்தக் குளிர்ச்சியில் பட்டு, ஐஸ் மோர் டம்ளரின் வெளியே வேர்க்கிற மாதிரி வேர்த்துவிடுகிறது. அந்த நீர் லேக்கருக்குள் மாட்டிக்கொண்டுதான் வெள்ளையாகத் தெரிகிறது. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் என்று பெயிண்ட் கடையில் தனியாகக் கிடைக்கும், கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். ஏற்கனவே பூத்ததன் மேலும் ரிடார்டர் தின்னரை மெல்லிய பனியாக ஊதினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மழை கொட்டுகிற நாளில் லேக்கரே அடிக்காமல் இருப்பது உத்தமம். வாடிக்கையாளர் திட்டினால் திட்டட்டும். வெள்ளை பூத்த டேங்கைக் கொடுத்தால் இரண்டு தடவை திட்டுவார்.

ஈரமே இல்லாத காற்று எனக்கு ஒரே ஒரு முறை கிடைத்தது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது உங்களுக்கும் மறந்திருக்காது. ஷெட்டின் தகரம் பக்கத்துத் தெருவில் கிடந்தது. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பொங்கலுக்குள் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்ட நாலு ஹெல்மெட் பாக்கி. கொழுந்தனார் பக்கத்து வீட்டு வேனின் ஸ்டெப்னியைக் கழற்றிக்கொண்டுவந்து, அதன் வால்வில் ஒரு இணைப்பைப் போட்டு, ரெகுலேட்டர் வழியாக ஓஸை மாட்டினார். ஸ்டெப்னியில் 35 பி.எஸ்.ஐ. இருந்தது. 20 வைத்து அடித்தேன். ஒரு ஹெல்மெட்டின் ஒரு பக்கம் முடிவதற்குள் முள் இறங்கிவிடும். உருட்டிக்கொண்டு போய் ஜெனரேட்டர் வைத்திருந்த பஞ்சர் கடையில் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். டயர் ஆறிக் கிடந்ததால் தண்ணீரெல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது, சொட்டுகூட விழவில்லை. கம்ப்ரசர் சத்தமும் இல்லை. ஊசி முனையிலிருந்து காற்று போகிற சத்தத்தை அப்போதுதான் முதல்முறை கேட்டேன். அடைப்பு விழப்போகிறது என்றால் அந்தச் சத்தம் முன்னாலேயே மாறுகிறது. உஸ்ஸென்று போவது லேசாக விசிலடிக்கும். இப்போதெல்லாம் கம்ப்ரசரை சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டேன், அந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகவே.

முதல் முறை வாங்குபவர் என்ன வாங்கலாம்?
- மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்

மேலே கப் உள்ள, 0.3 மி.மீ. ஊசி, டபுள் ஆக்‌ஷன். 3 லிட்டர் தொட்டி வைத்த சின்ன கம்ப்ரசர், தானாக நின்று தானாக ஓடுவது. தொட்டி இல்லாததை வாங்கினால் காற்று விட்டுவிட்டு வரும், கோட்டில் மணிமணியாகத் தெரியும். ஏர்பிரஷ் சீனத்து மலிவா, ஜப்பானின் இவாடாவா என்று அடித்துக்கொள்ள வேண்டாம். நாசிலும் ஊசியும் தனியாக வாங்கக் கிடைக்கிறதா என்று மட்டும் கடையில் கேளுங்கள். பதில் "பாக்கலாம்" என்று வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். முதல் நாசிலை நீங்களும் உடைக்கத்தான் போகிறீர்கள்.

பதினான்கு வயது மகன் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு மாடல் கார்களுக்கு அடிக்கிறான். துணி மாஸ்க் போட்டுக்கொள்கிறான். ஆபத்து உண்டா?
- ஒரு தாய், லாஸ்பேட்டை

உண்டு. முதலில் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் என்றாலும் அந்தப் பனி நுரையீரலுக்குள் போகக் கூடாது. துணி மாஸ்க் போதாது, என்95 வேண்டும். டூகோ, லேக்கர், தின்னர் என்றால் என்95ம் போதாது. அது துகளைத்தான் பிடிக்கும், தின்னர் ஆவியைப் பிடிக்காது. அதற்குக் கரித்தூள் குப்பி மாட்டிய மாஸ்க் வேண்டும், ஜன்னலில் வெளியே தள்ளும் ஃபேனும் வேண்டும். ஹார்ட்னர் கலந்து அடிக்கிற டூ-கே கிளியரை மட்டும் அவன் தொடவே கூடாது. அதில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். அது வசதியுள்ள பட்டறையின் வேலை.

அப்புறம், தின்னர் இருக்கிற அறையில் ஊதுவத்தி, சாமி விளக்கு, கொசுவத்தி எதுவும் கூடாது. எங்கள் வீட்டில் மாமியாருக்கும் எனக்கும் வந்த ஒரே பெரிய சண்டை இதற்காகத்தான். இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் நான் ஷெட்டைத் திறப்பதில்லை.

ஏர்பிரஷ்ஷைக் கண்டுபிடித்தது யார்?
- வாசகர், விருத்தாசலம்

1870களில் அமெரிக்காவில் அப்னர் பீலர் என்பவர் செய்ததைத்தான் முதல் ஏர்பிரஷ் என்கிறார்கள். இன்று நாம் பிடிக்கிற மாதிரியான கருவியைச் சார்லஸ் பர்டிக் 1890களில் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் அதிகம் பயன்பட்டது ஃபோட்டோவைத் திருத்த. முகத்தில் பரு இருந்தால் மறைப்பது அப்போதே இருந்திருக்கிறது!

பணி ஓய்வு பெற்ற ஆசிரியன். இரண்டு மாதமாகப் பழகுகிறேன். வட்டம், கோடு என்று யார் யாரோ சொன்ன பயிற்சியெல்லாம் செய்தாயிற்று, கை வரவில்லை. எனக்கு அறுபத்து மூன்று வயது. இனி வருமா?
- வில்லியனூர்

சார், வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் கோலம் போடக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் கைக்குக் கோடு வந்தது கோலத்தால்தான்.

சார்ட் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அது உறிஞ்சிக்கொள்ளும், உங்கள் தப்பை மறைத்துவிடும். ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி வையுங்கள், தாளிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில். இருபத்தைந்தும் ஒரே அளவு மிளகாக இருக்க வேண்டும். முதல் வாரம் ஒன்று மிளகாகவும் ஒன்று சுண்டைக்காயாகவும் வரும். ட்ரிக்கரை எவ்வளவு இழுத்தால் எவ்வளவு என்று விரல் கற்றுக்கொள்கிற வாரம் அது. கோடு போட ஆசைப்படாதீர்கள். மிளகு வந்த பிறகு, புள்ளியிலிருந்து புள்ளிக்கு நேர்க்கோடு. மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து இழுங்கள். அப்புறம் சிக்குக் கோலம். புள்ளியைத் தொடாமல் சுற்றி வர வேண்டும் அல்லவா, அதில் தூரம் மாறாமல் பிடிக்கக் கை தானாகப் பழகும். ஒரு வளைவில் கோடு தடித்தால் அங்கே தாளைவிட்டு விலகியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். தாளே காட்டிக்கொடுத்துவிடும்.

இது மூன்றும் வந்தால் எலிவால். ஒரு சாண் தூரத்தில் அகலமாக ஆரம்பித்து, தாளை நோக்கி இறங்கிக்கொண்டே ட்ரிக்கரை முன்னால் விட்டு, கடைசியில் மயிரிழையாக முடிக்க வேண்டும். தலைமுடி, இறகு, தீ ஜுவாலை, மயில் தோகை எல்லாமே எலிவால்தான். நான் ஒரு நாளைக்கு ஐம்பது போட்டேன். நூறு போட்டால் கை சோர்ந்து தப்பைப் பழகிக்கொள்கிறது. அரை மணி நேரம், தினமும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக நாலு மணி நேரம் என்றால் வராது.

தாள் சலித்துப் போனால் முட்டை ஓடு. மேலும் கீழும் துளை போட்டு ஊதி, ஆம்லெட் போட்டதுபோக மிஞ்சுகிற ஓட்டைக் கழுவிக் காயவையுங்கள். வளைவில் நிழல் அடிக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை, உருண்டு விழுந்தால் நஷ்டமும் இல்லை. உங்கள் ஊரில் சுடுமண் சாமான்களுக்கு என்ன குறை? வில்லியனூர்ச் சுடுமண்ணுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. சின்ன விளக்காக வாங்கி, ஒரு கோட் ப்ரைமர் கொடுத்துவிட்டு அடியுங்கள். ப்ரைமர் இல்லாமல் அடித்தால் மண் குடித்துவிடும்.

வயதுக்குப் பயந்துதான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. கை நடுக்கம் இருந்தால் இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் பிடிக்கிறேன்.

மேசையிலிருந்து ஏர்பிரஷ் விழுந்துவிட்டது. உடைந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் ஸ்ப்ரே ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிறது.
- வாசகி, பண்ருட்டி

ஊசி முனை வளைந்திருக்கிறது தங்கச்சி. அவசரப்பட்டு ஊசியைப் பின்னால் உருவாதே, கொக்கி மாதிரி வளைந்த முனை நாசில் வாயைக் கிழித்துவிடும். முதலில் மூடியையும் நாசிலையும் கழற்று, அப்புறம் ஊசியை எடு. கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை வைத்து லேசாக இழுத்துப் பார், ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் பிறாண்டும். அந்தப் பக்கம்தான் வளைவு. ஊசியைக் கண்ணாடித் துண்டின் மேல் படுக்கவைத்து, முனைக்குப் பக்கத்தில் விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு, உருட்டியபடியே உன் பக்கம் இழு. ஏழெட்டு முறை. அப்புறம் நைசான உப்புத்தாளான 2000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து மடித்து, ஊசியை நடுவில் வைத்து, சுழற்றிக்கொண்டே முனைப்பக்கமாக உருவு. எதிர்ப்பக்கம் போகாதே. நகத்தில் பிறாண்டல் நின்றதா? மாட்டி, தண்ணீர் ஊற்றி ஊது. நேராகப் போனால் பிழைத்தது. இன்னமும் சாய்ந்தால் புது ஊசி வாங்கு, மலிவுதான். நாசில் வாயையும் ஒருமுறை பூதக்கண்ணாடியில் பார்த்துவிடு. அப்படியே மேசை ஓரத்தில் ஏர்பிரஷ் தாங்கி ஒன்றைத் திருகிவிடு. நான் இரண்டு ஊசி போன பிறகுதான் திருகினேன்.